ஜூம் என்றால் பெரிதாக்குவதா?

கையடக்க டிஜிட்டல் கேமராவின் ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 'டபிள்யூ' (வைட், அகலப் பார்வை), மறுபக்கம் 'டி' (டெலி, தொலைவுப் பார்வை). சில கேமராக்களில் எழுத்தோடு குட்டி மரங்களையும் பொறித்திருப்பார்கள்: 'டபிள்யூ' பக்கம் மூன்று மரம், 'டி' பக்கம் ஒற்றை மரம். நெம்புகோலை ஒற்றை மரத்தின் பக்கம் தள்ளுவதைத்தான் ஜூம் செய்வது என்கிறோம். தமிழில் அதற்கு என்ன என்று தேடினால் 'பெரிதாக்கு' என்றே பெரும்பாலும் கிடைக்கிறது. மரம் வரைந்தவர் அகராதிக்காரரைவிட விஷயம் தெரிந்தவர் என்பது என் கட்சி. மூன்று மரம் இருந்த சட்டத்துக்குள் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டும் வெளியே போய்விட்டன. மரம் பெரிதாகத் தெரிவது அதன் விளைவு.

ஆங்கிலத்தில் ஜூம் ஓர் ஒலிக்குறிப்புச் சொல். நம் 'விர்ரென்று', 'ஜிவ்வென்று' வகையறா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரீங்காரத்தோடு விரைவதை அது குறித்தது. முதல் உலகப் போர்க் கால விமானிகள், விமானத்தைச் சட்டென்று செங்குத்தாக மேலேற்றுவதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். படப்பிடிப்புத் துறைக்கு வந்தபோது, கேமரா நின்ற இடத்தில் நிற்க, பார்வை மட்டும் காட்சியை நோக்கிப் பாய்வதற்குப் பெயரானது. ஆக, அந்தச் சொல்லில் ஓசை இருக்கிறது, வேகம் இருக்கிறது. 'பெரிது' என்பது எங்குமே இல்லை.

1932இல் பிரிட்டனின் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனம் சினிமா கேமராவுக்காகச் செய்த புகழ்பெற்ற வில்லையின் (லென்ஸின்) பெயர் 'குக் வாரோ'. மாறுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த பெயர். அதன் குவியத் தொலைவு (வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரம்) 40 மில்லிமீட்டரிலிருந்து 120 வரை மாறும். அதாவது மூன்று மடங்கு. பிற்காலத்தில் சட்டைப்பையில் அடங்கும் கேமராக்களின் பெட்டியில் '3எக்ஸ்' என்று அச்சிட்டிருந்ததும் இதே கணக்குதான். 1959இல் 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கு வந்த ஃபோக்ட்லெண்டர் வில்லைக்கு 'ஜூமார்' என்று பெயரிட்டார்கள். நேர்மையான பெயர் வாரோ; நிலைத்தது ஓசையுள்ள பெயர்.

வில்லை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. ஆங்கிலத்தில் லென்ஸ் என்பது மைசூர்ப் பருப்பின் லத்தீன் பெயர். கண்ணாடியின் வடிவத்தைப் பார்த்து வைத்தது. தமிழில் வில்லை என்றால் தட்டையான சிறு வட்டு: சந்தன வில்லை, மருந்து வில்லை. நம்மவர்களும் வடிவத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள், நன்றாகவும் அமைந்துவிட்டது.

இனி கேமராவுக்குள் போவோம். வில்லையைச் சுற்றிய வளையத்தில் 5.0–15.0 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மூன்று. நெம்புகோலைத் தள்ளும்போது குழாய்க்குள் வில்லைகள் இடம் மாறுகின்றன, குவியத் தொலைவு கூடுகிறது, பார்வைக் கோணம் குறுகுகிறது. அந்தக் குறுகிய கோணத்துக்குள் விழும் காட்சி உணரியின் (ஒளியைப் படமாக்கும் சில்லின்) பரப்பு முழுவதையும் நிரப்புகிறது. ஒரு பிக்சல் புள்ளிகூட வீணாவதில்லை. இது ஒளியியல் ஜூம்.

டிஜிட்டல் ஜூம் வேறு. அங்கே எந்த வில்லையும் அசைவதில்லை. படத்தின் நடுப்பகுதியை மட்டும் செதுக்கி எடுத்து, அதை முழு அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கி, இடையில் இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது கேமரா. 16 மெகாபிக்சல் கேமராவில் நான்கு மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றால் நீளத்தில் நான்கில் ஒன்று, அகலத்தில் நான்கில் ஒன்று. கையில் மிஞ்சும் உண்மையான புள்ளிகள் 1 மெகாபிக்சல். கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி ஒன்றை இப்படி எடுத்தேன். திரையில் பார்க்கப் பிரமாதம். கணினியில் திறந்தால் அலகு எது, கம்பி எது என்று தெரியாமல் நீலத்தில் கொஞ்சம் குழம்பு.

ஆக, ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வேலைகளை மறைத்து வைத்திருக்கிறது. 'பெரிதாக்கு' என்பது இரண்டாவதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது அதே நெம்புகோலின் 'டி' பக்கம் பூதக்கண்ணாடி வேலையைச் செய்கிறதே, அதற்கும் பொருந்தும். முதலாவதற்குப் பொருந்தாது. 'உருப்பெருக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நுண்ணோக்கிக்காரர்களின் சொல், அவர்களிடமே இருக்கட்டும்.

முதலாவதற்கு இலக்கணத்திலேயே சொல் தயாராக இருக்கிறது. 'இது' என்பதில் வரும் இகரம் அண்மைச் சுட்டு. 'அது' என்பதில் வரும் அகரம் சேய்மைச் சுட்டு. நெம்புகோல் செய்வது அதைத்தான்: 'அது' என்று காட்டியதை 'இது' ஆக்குகிறது. எனவே அண்மையாக்கம், எதிர்த்திசையில் சேய்மையாக்கம். வில்லைக்கு மாறுகுவிய வில்லை என்ற பெயர் போதும்; வாரோவின் நேர்மை அதில் இருக்கிறது.

'அண்மையாக்கம் என்றால் பக்கத்தில் போவதுபோல் ஆகிவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஒருவர் முகத்தை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று, 'டபிள்யூ'வில் முகத்தைச் சட்டத்துக்குள் அடக்குங்கள். மூக்கு முன்னே துருத்தும், காதுகள் பின்னே ஒதுங்கும். மூன்று மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கி, மூன்று மடங்கு ஜூம் செய்து, முகத்தை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பின்னாலிருக்கும் ஜன்னல் தோளுக்கு அருகே வந்து நிற்கும். முகத்தின் சாயலை மாற்றுவது நிற்கும் தூரம். எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று முடிவு செய்வது ஜூம். அதனால் அண்மையாக்கம் என்பது பார்வையின் அண்மை, காலடியின் அண்மை அல்ல. முதலில் காலால் இடம் தேடி, பிறகு விரலால் சட்டம் கட்டுபவர்களின் படங்கள் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பேச்சில் ஜூம் போகாது, போகவும் வேண்டாம். 'கொஞ்சம் கிட்டே கொண்டுவா' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அழகுதான். ஒரே ஒரு எழுத்துமுறைதான் எனக்கு உறுத்துகிறது. வடவெழுத்தை விலக்குவதற்காகச் சிலர் 'சூம்' என்று எழுதுகிறார்கள். தமிழில் சூம்புதல் என்றால் வாடிச் சுருங்குவது. கேமராவை அணைத்ததும், நீட்டிக்கொண்டிருந்த குழாய் அடுக்கடுக்காக உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக்கொள்கிறதே, அந்த இரண்டு நொடிக்கு வேண்டுமானால் 'சூம்' என்று எழுதிக்கொள்ளட்டும்.