போலி மடக்குக் கத்தி: பெயரை விடுங்கள், பூட்டைப் பாருங்கள்

கத்திகளுக்குச் சாணை பிடிப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். போலிக் கத்தியோடு வருகிற பெரும்பாலானவர்களுக்கு அது போலி என்றே தெரியாது. “நல்ல பிராண்டுதான், ஆனா சீக்கிரம் மழுங்கிடுது” என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குக் கவலை அவர்களுடைய விரல்களைப் பற்றித்தான்.

லைனர் லாக் வகைக் கத்தியைத் திறந்தால், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஸ்பிரிங் போல நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் முட்டி நிற்கும். தகட்டின் நுனியும் அது முட்டுகிற சரிவும் சரியான கோணத்தில் பொருந்தினால்தான் பூட்டு பிடிக்கும். போலி செய்பவர்கள் மினுமினுப்பில் காட்டுகிற அக்கறையை இந்தக் கோணத்தில் காட்டுவதில்லை. தகடும் மென்மையான இரும்பாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அப்புறம் அழுத்தி எதையாவது வெட்டும்போது அலகு பின்னால் மடங்கி விரலில் இறங்கும். அதனால் கத்தி கைக்கு வந்ததும் திறந்து, மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை ஓரத்தில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு தடவை நழுவினாலும் அது வேண்டாம், பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

பெயரை ஏன் நம்பக் கூடாது என்றால், லேசரில் பொறிப்பதற்கு அதைவிடச் சுலபமான ஒன்று கத்தியில் கிடையாது. ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட், மைக்ரோடெக் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளின் கத்திகளுக்குப் பெட்டி, உள்ளே வைக்கிற காகிதம் உட்பட எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கிறார்கள். விக்டோரினாக்ஸ் 1884-இல் தொடங்கிய சுவிஸ் நிறுவனம். அதன் பெரிய சிவப்புக் கத்திகள் பலவற்றில் சிலுவைச் சின்னம் உலோகத்தில் பதித்திருக்கும். வெறும் மையில் அச்சடித்து, நகத்தால் சுரண்டினால் உரிகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அதோடு, மடக்கிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடுக்குகளுக்கு நடுவே பாருங்கள், நல்ல கத்தியில் ஒளி கசியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். லாகியோல் கதை வேறு. அது பிரான்சில் இருக்கும் ஓர் ஊரின் பெயர், ஒரே கம்பெனியின் பிராண்டு இல்லை. அந்தப் பெயர் மட்டும் இருந்தால் எதுவும் நிச்சயமில்லை, செய்தவர் யார் என்று கேளுங்கள்.

ஸ்டீலிலும் இதே புரட்டுதான். அலகில் டி2 என்று, கடினமான ஒருவகை டூல் ஸ்டீலின் பெயர், எழுதியிருக்கும். நிஜமான டி2-வில் சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். ஒழுங்காகப் பதமேற்றினால் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60 பக்கம் நிற்கும், கல்லில் வைத்தால் சட்டென்று தேயாது. போலி என்றால் நாலு இழுப்பிலேயே தேய்ந்து விளிம்பில் பிசிறு கட்டும், அந்தப் பிசிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்குமே தவிர உதிராது. ஆனால் மென்மையாக இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், விக்டோரினாக்ஸ் தன் ஸ்டீலை வேண்டுமென்றே 56 பக்கம் வைத்திருக்கிறது, யாரும் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. டமாஸ்கஸ், அதாவது வரிவரியாகத் தெரியும் அடுக்கு எஃகு, என்று விற்றால் அலகின் முதுகைப் பாருங்கள். நிஜமான அடுக்கு எஃகில் வரிகள் முதுகின் மேலும் ஓடும், அச்சடித்ததில் பக்கவாட்டோடு நின்றுவிடும்.

கைப்பிடி டைட்டானியம் என்கிறார்களா? அலகைத் திறந்துவிட்டு, ஸ்க்ரூக்களுக்குத் தள்ளி ஒரு காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டால் மட்டும் உறுதியாகிவிடாது, காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் வகைகளும் உண்டு. அதனால் எடையையும் பாருங்கள். கம்பெனி தன் தளத்தில் கிராம் கணக்கில் கொடுத்திருப்பார்கள், சமையலறைத் தராசு போதும்.

இதையெல்லாம் வாங்கின பிறகுதான் பார்க்க முடியும், வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியது விற்பவரை. கம்பெனி தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதில் அந்தக் கடை இருக்கிறதா? பெரிய ஆன்லைன் சந்தைகளில் ஒரே பக்கத்தில் பலர் விற்பார்கள், மேலே தெரிகிற ஐந்து நட்சத்திரம் பொருளுக்குக் கிடைத்தது, உங்களுக்கு அனுப்பப்போகிறவருக்கு இல்லை. படங்கள் எல்லாமே கம்பெனி விளம்பரப் படங்களாக இருந்து, விலையும் பாதிக்குக் கீழே இருந்தால் நான் வாங்க மாட்டேன். பழைய கத்தி என்றால் திறந்த நிலையில் பூட்டு, அலகின் அடிப்பகுதியில் இருக்கும் முத்திரை இரண்டையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் தயங்க மாட்டார்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் கத்தியைப் பிரிக்காமல் படமெடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் புகார் கொடுங்கள். பணம் திரும்பி வராவிட்டாலும் அதை வேறொருவருக்கு விற்கவோ பையன்களுக்குக் கொடுக்கவோ வேண்டாம். அலகைக் கழற்றி, விளிம்பில் கெட்டியாக டேப் சுற்றி, பழைய இரும்போடு போட்டுவிடுங்கள்.