தடுப்பூசி ஆலையில் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி: புதுப் பட்டதாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, பி.ஃபார்ம் என்று படித்து முடித்தவர்கள் தடுப்பூசி நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: "ஜி.எம்.பி. சூழலில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" நல்ல உற்பத்தி நடைமுறை என்பதன் சுருக்கம்தான் ஜி.எம்.பி. கல்லூரி ஆய்வகத்தில் அந்த அனுபவம் கிடைக்க வழியில்லை, ஆலைக்குள் நுழைந்தால்தான் கிடைக்கும். அந்த நுழைவுக்குச் சட்டப்படி ஒரு வாசல் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல், ஏஜென்சிகளிடம் பணம் கட்டிப் 'பயிற்சி' வாங்குகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

அந்த வாசல், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். சுருக்கமாக நாட்ஸ். இதற்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (பழகுநர்) சட்டம். 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் இதற்குள் வந்தார்கள். பி.எஸ்சி. போன்ற பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் கதவைத் திறந்தது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். பெரிய தடுப்பூசி ஆலைகள் எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவைதான். எனவே "உங்களிடம் நாட்ஸ் இடம் இருக்கிறதா?" என்று மனிதவளப் பிரிவிடம் தயங்காமல் கேளுங்கள்.

பண விஷயத்துக்கு வருவோம். 2019-ல் திருத்தப்பட்ட விதிப்படி பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது, மீதி நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனம் விரும்பினால் கூடுதலாகவும் தரலாம், குறைக்க முடியாது. உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்தியப் பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அதனால் நீங்கள் சேரும் மாதத்தில் எந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறது என்று நாட்ஸ் இணையதளமான போர்ட்டலில் ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். அரசின் பங்கு நேரடியாக உங்கள் கணக்கில் விழும்; ஆதாரோடு வங்கிக் கணக்கை முன்கூட்டியே இணைத்துவிடுவது நல்லது.

அதே போர்ட்டலில் பதிவு செய்ய ஆதார், பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், சொந்த மின்னஞ்சல், கைபேசி எண் போதும். கட்டணம் கிடையாது. யாராவது 'சீட்' வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அது இந்தத் திட்டம் அல்ல. ஏற்கெனவே இச்சட்டத்தின்கீழ் பழகுநராக இருந்தவர்களையும், ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களையும் பொதுவாக எடுப்பதில்லை. ஆகவே சின்ன வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒப்பந்தம். நிறுவனமும் நீங்களும் கையெழுத்திட்ட பழகுநர் ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத பயிற்சிக்கு அரசின் பங்கும் வராது, முடிவில் அரசுச் சான்றிதழும் வராது. ஆலைக்குள் ஓராண்டு உழைத்தும் கையில் வெறும் நிறுவனக் கடிதத்தோடு வெளியே வர நேரிடும். முதல் வாரத்திலேயே பதிவெண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, உள்ளே என்ன கற்கலாம்? தடுப்பூசி ஆலையில் எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த ஓராண்டின் மதிப்பே மாறும். பேக்கிங் பிரிவிலேயே பன்னிரண்டு மாதமும் ஓடிவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான். உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, தர உறுதி என மூன்றிலும் சுழற்சி முறையில் இடம் கேளுங்கள். இயந்திரவியல், கருவியியல் படித்தவர்களுக்கு ஊசிமருந்துக்கான தூய நீர் அமைப்பும் காற்றுச் சுத்திகரிப்பு அமைப்பும் பெரிய பள்ளிக்கூடம்.

நுண்ணுயிர் நீக்கிய நிரப்பு அறைக்குள் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம், நகை, முகப்பூச்சு எதுவும் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் சொல்லிவிட்டு வெளியிலேயே நிற்க வேண்டும். உடை மாற்றிய பிறகு கையுறையின் விரல் நுனிகளை நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகத் தட்டில் பதித்து, ஏதாவது வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் உள்ளே அனுமதி இல்லை. அடுத்தது 'மீடியா ஃபில்'. தடுப்பூசிக்குப் பதிலாக நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவான திரவத்தைக் குப்பிகளில் நிரப்பி, 14 நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு குப்பி கலங்கினாலும் விசாரணை உண்டு.

அதே கண்டிப்பு தாளிலும் தொடரும். தொகுதிப் பதிவேட்டில் (ஒரே தடவையில் தயாராகும் மருந்துதான் ஒரு தொகுதி, அதாவது 'பேட்ச்') தவறாக எழுதிவிட்டால் அடித்துக் கறுப்பாக்கக் கூடாது, ஒயிட்னர் தொடவே கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, காரணம், கையெழுத்து, தேதி இட வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் ஆவணமும் மாதிரியும் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போய் அனுமதி பெற்ற பிறகே தடுப்பூசி சந்தைக்கு வரும். இந்த நடைமுறைகள் சடங்குக்காக இல்லை. 2008-ல் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமமும் ஜி.எம்.பி. குறைபாட்டுக்காகவே நிறுத்திவைக்கப்பட்டது. 2010-ல்தான் அந்தத் தடை நீங்கியது. குழந்தைகளுக்குப் போடும் மருந்து என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு எவ்வளவு நியாயம் என்று புரியும்.

சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆலைத் தொழிலாளர்களுக்கான உடல்நல, பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. இச்சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் அதிகாரியான பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் நிறுவனம் உங்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இரவு ஷிப்டு நீளும்போது கைகொடுக்கும்.

பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் பழகுநர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. அந்தக் கொள்கை என்ன என்று சேரும் முன்பே கேட்பதில் தவறே இல்லை.

மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் தனியாக ஒரு பயோடெக் தொழிற்பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு அறிவிப்பும் தேர்வும் வேறு.

ஒப்பந்தத்தின்படி நிறுவனம் நடக்கவில்லை என்றால் முதலில் எழுத்தில் முறையிடுங்கள். தீரவில்லையா, பழகுநர் ஆலோசகரிடம் கொண்டு போகலாம். அவர் முடிவிலும் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் பழகுநர் குழுவிடம் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.