தோற்றால் ஓட வைப்பதை எப்போது நிறுத்தப் போகிறோம்?

மறுபடியும் அதே கேஸ். பாஸ்கெட்பால் ஆடும் பதின்மூன்று வயதுப் பையன். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு மேடு தட்டியிருக்கிறது, விரல் வைத்தாலே காலை இழுத்துக்கொள்கிறான். வாரக்கணக்கில் வலி. கோச்சிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா பெஞ்சுல உக்கார வெச்சிடுவாரு". முந்தைய மேட்சில் தோற்றதற்காக அந்தக் காலோடுதான் கோடு தொட்டுக் கோடு தொட்டு ஓடியிருக்கிறான்.

வலிக்குப் பெயர் ஆஸ்குட்-ஷ்லாட்டர். திடுதிப்பென்று உயரம் கூடும் வயதில் சகஜம். குதிப்பதையும் ஓடுவதையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு ஆத்திரம் வருவது வலியால் அல்ல, அதை மறைக்க வைத்த பயத்தால்.

"கஷ்டப்படுத்தினாத்தான் மனசு கெட்டியாகும்" என்கிறார்கள். எது கெட்டியாகிறது என்று கோர்ட் ஓரம் நின்று பாருங்கள். திட்டு வாங்கிப் பழகிய பிள்ளை ஷாட்டைத் தவறவிட்டதும் வளையத்தைப் பார்ப்பதில்லை, பெஞ்சைப் பார்க்கிறது. அந்த ஒரு நொடியில் ரீபவுண்ட், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து, கைநழுவும், டிஃபன்ஸுக்குத் திரும்பவும் தாமதமாகும், அதற்கும் சேர்த்துத் திட்டு விழும். டர்ன் ஓவருக்கு, அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பதற்கு, தண்டனை என்றால் துணிந்து பாஸ் கொடுப்பது நின்றுபோகும். இன்னும் விவரமான பிள்ளை, பந்தே தன்னிடம் வராதபடி டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "இவனுக்குத் தைரியம் இல்ல" என்பார் கோச். தைரியத்தைப் பறித்தது யார்?

ஸ்டாமினாவுக்காக ஓட விடுகிறோம் என்பது அடுத்த சமாதானம். அரை கோர்ட்டில் மூவருக்கு மூவர் ஆட விடுங்கள், மூச்சு தானாக வாங்கும், பந்தும் கையில் இருக்கும். இதே கோச் லே-அப்புக்கு (ஓடிவந்து வளையத்துக்குக் கிட்டே போடும் ஷாட்) பன்னிரண்டு பேரை ஒரே வரிசையில் நிறுத்துகிறார், பதினொரு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளை கையில் பெரிய ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து, 10 அடி உயரத்தில் வளையம். இடுப்பிலிருந்து வீசாமல் வேறு என்ன செய்யும்? பிறகு "எல்போவை உள்ளே வை" என்று கத்துவது. சிறுவர்களுக்கான 5-ஆம் எண் பந்து ஏறக்குறைய 100 கிராம் எடை குறைவு. உலக பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவின் மினி பாஸ்கெட்பாலில் (சிறுவர்களுக்கான ஆட்டம்) வளையம் 2.60 மீட்டர்தான். அமெரிக்காவில் என்பிஏவும் யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி 7-8 வயதுக்கு 8 அடி, 9-11 வயதுக்கு 9 அடி என்கிறது. வளையத்தை இறக்க வழியில்லையா? பந்தையாவது மாற்றுங்கள், கிட்ட நின்று போடச் சொல்லுங்கள், பாதி எல்போ தானே சரியாகிவிடும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. "பந்தை விடாதே" என்றால் என்ன செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது. "ரெண்டு கையால பிடி, கால அகட்டி நில்லு" என்றால் தெரியும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கத்த வேண்டாம், விசில் அடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெற்றோரே, கேலரியிலிருந்து நீங்களும் கோச்சாக வேண்டாம், தயவுசெய்து.

இனி பேரம் பேசக் கூடாதவை. தண்ணீர் கேட்டால் கொடுங்கள், அது பரிசு அல்ல. தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது, "நான் ஓகே சார்" என்றாலும் சரி. மறுபடி இறங்குவது டாக்டர் பார்த்த பிறகுதான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்படாதீர்கள், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். நொண்டி நடக்கும் பிள்ளையை இறக்கவே கூடாது. வளரும் வயதில் முட்டி வலி என்று நொண்டி வந்தால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு எலும்பு நழுவியது முட்டி வலியாகத் தெரிந்து, தாமதமாகப் பிடிபடுவதுண்டு.

"யாருக்காவது வலிக்குதா?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள், ஒரு கையும் உயராது. ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வலி என்று சொன்ன பிள்ளையைச் சும்மா உட்கார வைக்காமல், குதிக்காமல் போடும் ஷூட்டிங்கோ, நின்ற இடத்தில் பாஸிங்கோ கொடுத்து டீமோடு வைத்திருங்கள். அடுத்த முறையும் மறைக்காமல் சொல்லும்.