கன்சென்ட்: கையெழுத்தா, இசைவா?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் கட்டாயம் காதில் விழும் கேள்வி, "கன்சென்ட் வாங்கியாச்சா?" வாங்கியாச்சு என்று பதில் வந்தால் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்று அர்த்தம். போட்டவருக்கு என்ன புரிந்தது என்பது அந்தப் பதிலில் இல்லை.

லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, 'சென்டீரே' என்றால் உணர்தல். ரெண்டு பேர் ஒன்றுபோல் உணர்வதுதான் கன்சென்ட், ஒருவர் நீட்ட மற்றவர் வாங்கிக்கொள்ளும் பொருள் இல்லை. இதன் முன்னால் நிற்கும் 'இன்ஃபார்ம்டு', அதாவது விவரம் தெரிந்த என்ற அடைமொழி, ரொம்பப் பிந்தி வந்தது. 1914-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு: மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டுமே சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். வயது வந்த, சித்தம் தெளிந்த யாருக்கும் தன் உடம்பில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி கார்டோசோ எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். (அந்தம்மா வழக்கில் தோற்றுப்போனார், அது வேறு கதை.) அப்புறம் 1957-இல் கலிஃபோர்னியாவில் ஒரு தீர்ப்பு 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்றே எழுதியது. சம்மதித்தாரா என்ற கேள்வியோடு, என்ன தெரிந்து சம்மதித்தார் என்பதும் சேர்ந்துகொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? படிவங்களில் 'ஒப்புதல்' இருக்கிறது. தப்பில்லை, ஆனால் அரசு திட்டத்துக்குக் கொடுப்பதும் ஒப்புதல், குற்றம் செய்தவர் கொடுப்பதும் ஒப்புதல் வாக்குமூலம். படுக்கையில் இருப்பவருக்கு அது கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்கும். 'சம்மதம்' எல்லோருக்கும் புரியும், வடமொழிச் சொல். 'இணக்கம்' வேண்டவே வேண்டாம், சொன்னபடி கேட்பது என்ற வாடை அடிக்கிறது. எனக்குப் பிடித்தது 'இசைவு'. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். சுரம் சேர்ந்தால் இசை, மனம் சேர்ந்தால் இசைவு. லத்தீன் சொல்லின் 'சேர்ந்து' இதற்குள்ளேயே இருக்கிறது. இன்ஃபார்ம்டு கன்சென்ட்டைத் 'தகவலறிந்த ஒப்புதல்' என்று எழுதுகிறார்கள். தகவல் காதில் விழுந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது அது, விளங்கியிருக்க வேண்டாமா? அதனால் 'விளக்கமறிந்த இசைவு' என்பேன். பேச்சில் இதெல்லாம் தேவையே இல்லை, "எல்லாம் தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன்" என்று சொல்கிறோமே, அதேதான்.

வார்டில் இது எங்கே நழுவுகிறது என்று பாருங்கள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா." "எதுக்கு சிஸ்டர்?" "எல்லாரும் போடுறதுதான்." முடிந்தது. இன்னொரு செவிலியர் பேனாவை நீட்டுவதற்கு முன்னால், "நாளைக்கு என்ன பண்ணப்போறாங்கன்னு வீட்டுல கேட்டா என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்கிறார். "ஏதோ டியூப் விட்டுப் பாக்கப்போறாங்களாம்." எடுக்கப்போவது பித்தப்பை! பேனா பைக்குள் போகிறது, டாக்டருக்குப் போன் போகிறது. சொன்னதை நோயாளியின் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லவைக்கும் முறை இது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள், அந்தத் தலையாட்டலை நம்பவே கூடாது.

ஆபரேஷனை, அதன் ஆபத்தை, வேறு வழி இருக்கிறதா என்பதை விளக்க வேண்டியது அதைச் செய்யப்போகும் டாக்டர். செவிலியர் அங்கே சாட்சி. புரியவில்லை என்று தெரிந்தும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சாட்சி மாதிரிதான். பிரஷர் பார்க்கும்போது நோயாளி தானாகக் கையை நீட்டினால் அதுவே இசைவு, படிவம் வேண்டாம், ஆனால் அந்தக் கை ஊசிக்கும் சேர்த்து நீட்டியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், கையெழுத்துப் போட்டபின்னும் மனம் மாறலாம், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு "வேண்டாம்" என்றாலும் அது வேண்டாம்தான். நினைவில்லாமல் உயிருக்குப் போராடும் நிலையில் வந்தவருக்குக் காத்திருக்க நேரமில்லை, அங்கே முதலில் சிகிச்சை.

நோயாளிக் குறிப்பில் 'கன்சென்ட் பெறப்பட்டது' என்று இரண்டே வார்த்தையில் முடிப்பதுதான் வழக்கம். 'டாக்டர் விளக்கினார், பித்தப்பையை எடுக்கப்போகிறார்கள் என்று நோயாளி தன் வாயால் சொன்னார், வடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார், இசைந்தார்' என்று எழுத இன்னும் ஒரு வரிதான் கூடுதலாக ஆகும்.