ஸ்கேவெஞ்சர்: பிணந்தின்னி என்றால் போதுமா?

செத்த விலங்குகளைத் தின்னும் விலங்கை ஆங்கிலத்தில் ஸ்கேவெஞ்சர் என்கிறார்கள்; அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் கேள்வி. இந்த ஆங்கிலச் சொல் விலங்கியலுக்கு வருவதற்கு முன் ஒரு பதவியின் பெயராக இருந்தது. இடைக்கால லண்டனில், வெளியிலிருந்து வரும் வணிகர்களின் சரக்குக்கு ஸ்கேவேஜ் என்றொரு வரி போட்டார்கள். சரக்கைப் பார்வையிட்டு அதை வசூலித்தவர் ஸ்கேவேஜர். சொல்லின் வேருக்கே பார்வையிடுதல் என்றுதான் பொருள். பிற்பாடு தெருச் சுத்தத்தைக் கவனிக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. வரி மறைந்துபோய்க் குப்பை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஸ்கேவெஞ்சரின் நடுவில் இருக்கும் 'ஞ்' என்ற மெல்லெழுத்து பின்னால் வந்து ஒட்டியது. மெசேஜிலிருந்து மெசெஞ்சர் வந்ததும் இப்படித்தான்.

செத்ததைத் தின்னும் விலங்குக்கு இந்தப் பெயரை வைத்தபோது, குப்பை அள்ளும் வாடையும் கூடவே வந்தது. தமிழில் சிலர் 'துப்புரவாளர்' என்று எழுதுவது அதனால்தான். எனக்கு அது ஒப்பவில்லை. கழுகு யாருக்காகவும் துப்புரவு செய்யவில்லை, தன் வயிற்றைப் பார்க்கிறது. அதனால் இடம் சுத்தமாகிறது என்பது நமக்குக் கிடைக்கும் லாபம்.

'பிணந்தின்னி' நல்ல பழகிய சொல். ஆனால் பிணம் என்றதும் மனித உடல்தான் முதலில் நினைவுக்கு வரும். செத்த மாட்டைப் பிணம் என்று யாரும் சொல்வதில்லை. போதாததற்கு அது வசவாகவும் ஆகிவிட்டது. வேட்டையாடித் தின்னும் விலங்கான பிரிடேட்டருக்குக் 'கொன்றுண்ணி' என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது: கொன்று உண்பது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குக் கொள்ளைக்காரன் என்று பொருள். அதைவிட நம்முடையது நேரடியானது. சரி, இதற்கு ஜோடியாக 'இறந்துண்ணி' போடலாமா என்றால், தான் செத்த பிறகு சாப்பிடும் விலங்கு என்று பொருள் வந்துவிடும்! 'எச்சவுண்ணி'யும் சிக்கல்தான், பறவையின் கழிவும் எச்சமே. எனவே 'இறந்தன உண்ணி' என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் குழப்பம் இல்லை.

பெயரைவிடப் பெரிய சிக்கல், அதை யாருக்குச் சூட்டுவது என்பது. புள்ளிக் கழுதைப்புலியைப் பாருங்கள். செத்ததைத் தின்னும் விலங்குக்கே உதாரணமாக அதைத்தான் நெடுங்காலம் காட்டினார்கள். 1960களில் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் இங்கோரோங்கோரோவிலும் இரவில் அவற்றின் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, அவை பெரும்பாலும் தாமே வேட்டையாடித் தின்பது தெரிந்தது. காலையில் சிங்கம் தின்பதையும் சுற்றிலும் கழுதைப்புலிகள் காத்திருப்பதையும் பார்த்தவர்கள், கொன்றது சிங்கம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். உண்மையில் பல நேரங்களில் கழுதைப்புலி கொன்றதைச் சிங்கம் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆக, கிடைத்தால் செத்ததையும் தின்பது அநேகமாக எல்லாக் கொன்றுண்ணிக்கும் உள்ள வழக்கம்.

முதுகெலும்புள்ள நிலவாழ் விலங்குகளில் இறந்தனவற்றையே முழுக்க நம்பி வாழ்பவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள்தான். அவற்றிலும் ஓரிரண்டு இனங்கள் விதிவிலக்கு. செத்த விலங்கு எங்கே, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தேடிப் பெரும் தூரம் போக வேண்டும், போகும் செலவு கிடைக்கும் தீனியைத் தாண்டக் கூடாது. வெப்பக்காற்றில் ஏறி, இறக்கையை அடிக்காமல் மிதக்கும் பெரிய பறவைக்குத்தான் இந்தக் கணக்கு கட்டுபடியாகும். ஒரு பாறு தாழ இறங்கினால் பக்கத்து வானில் இருப்பது அதைப் பார்த்துத் திரும்பும். அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் இருக்கிறது எலும்புண்ணிப் பாறு. மற்றவை சதையைத் தின்று முடித்த இடத்துக்கு வந்து, எலும்பைத் தூக்கிப் போய் உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்து விழுங்கும். அதன் உணவில் பெரும்பகுதி எலும்பும் மஜ்ஜையும்தான்.

அழிந்துபோன விலங்கு என்றால் இந்தக் கேள்வி இன்னும் கடினம். டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற பெரிய டைனோசர் வேட்டையாடியதா, செத்ததைத் தேடித் தின்றதா? சிறிய முன்கைகளையும் மோப்பத்துக்கான பெரிய மூளைப் பகுதியையும் காட்டி, அது செத்ததையே தின்றது என்று தொல்லுயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்னர் வாதிட்டார். எலும்பில் பல் தடம் இருந்தால் மட்டும் பதில் வந்துவிடாது. செத்த பிறகு கடித்தாலும் தடம் விழும். பதில் சொல்வது ஆறிய காயம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாவர உண்ணியான ஹாட்ரோசார் டைனோசர் ஒன்றின் வால் எலும்புகளுக்கு நடுவே டைரனோசாரஸின் பல் முறிந்து சிக்கியிருந்ததும், அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்ததும் விவரிக்கப்பட்டன. செத்த உடலில் எலும்பு வளராது. கடிபட்ட பிறகும் அது தப்பிப் பிழைத்திருக்கிறது, கடித்தது உயிரோடு இருந்த இரையைத்தான் தாக்கியிருக்கிறது. அதற்காக, வழியில் கிடந்த சடலத்தை ரெக்ஸ் விட்டுவைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தால் நல்லது: பூஞ்சையையும் பாக்டீரியாவையும் இந்தப் பெயருக்குள் சேர்க்காதீர்கள். அவை உடலைச் சிதைத்து உறிஞ்சுபவை, அவற்றுக்கு மட்குண்ணி என்ற தனிச்சொல் ஏற்கெனவே இருக்கிறது.