வேலை போனபின் இன்சூரன்ஸ்: 60 நாள் கணக்கு

அமெரிக்காவில் வேலையோடு மருத்துவ இன்சூரன்ஸும் போனால், நோய் இருப்பவரும் 60 நாளுக்குள் புதியது வாங்கிவிடலாம். அந்தக் கெடு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1993-இல் ஒரு சட்டம் போட்டது. என்ன நோய் இருந்தாலும் தனிநபர் இன்சூரன்ஸை மறுக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோயென்றாலும் மூன்று மாதத்துக்கு மேல் காக்க வைக்கக் கூடாது. எல்லோரும் கட்டாயம் வாங்கியாக வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் 1995-இல் எடுத்துவிட்டார்கள். அப்புறம் நடந்தது எளிய கணக்கு. தேவை வந்ததும் சேர்ந்து, சிகிச்சை முடிந்ததும் விலகிவிடலாம் என்றானபின், நல்ல உடம்போடு இருப்பவர் மாதாமாதம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? பிரீமியம் ஏறியது. ஏற ஏற, இருந்தவர்களில் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொண்டார்கள். 1999 வாக்கில் மாநிலத்தின் பெரும்பகுதியில் புதிதாக ஒரு தனிநபர் பாலிசி வாங்கவே வழியில்லை.

அதே வாக்குறுதியை 2014 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒபாமா காலத்துச் சட்டம். இந்த முறை கதவுக்கு ஒரு பூட்டும் போட்டார்கள். நினைத்த நாளில் சேர முடியாது. ஆண்டுக்கொரு முறை வரும் திறந்த சேர்க்கைக் காலத்தில் சேரலாம். இல்லாவிட்டால் வேலையோடு இன்சூரன்ஸும் போவது போன்ற ஒரு காரணம் வேண்டும். காப்பீடு வாங்காதவருக்கான அபராதம் 2019-இல் பூஜ்யமானபிறகு அந்தப் பூட்டின் பாரம் இன்னும் கூடியது.

ஆகவே அந்தச் சட்டப்படி தனிநபர் திட்டங்களை விற்கும் அரசுச் சந்தையான மார்க்கெட்பிளேஸின் விண்ணப்பத்தில் நோய்ப் பட்டியல் கிடையாது. விலையை மாற்றுபவை வயது, வசிக்கும் பகுதி, புகையிலைப் பழக்கம், எத்தனை பேர், எந்த ரகத் திட்டம் என்பவை மட்டுமே. வயதான பெரியவரிடம் இளையவரைப் போல 3 மடங்கு வரை, புகைப்பவரிடம் 1.5 மடங்கு வரை வாங்கலாம். டயாலிசிஸில் இருப்பவருக்காக ஒரு சென்ட் கூட்ட முடியாது. நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்கு, ஆரோக்கியமானவர்கள் அதிகம் சேர்ந்த நிறுவனம் பணம் கொடுத்து ஈடுகட்டும் ஏற்பாடும் உண்டு.

உடம்பைக் கேட்காத அமைப்பு தேதியைக் கறாராகக் கேட்கும். ஓர் உதாரணம். வேலை மார்ச் 14-இல் போகிறது. இன்சூரன்ஸ் மார்ச் 31 வரை ஓடுகிறது. (சில கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடே முடிந்துவிடும். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.) மார்க்கெட்பிளேஸில் சேர்வதற்கான 60 நாளை எண்ணுவது வேலை போன நாளிலிருந்து அல்ல, இன்சூரன்ஸ் போன நாளிலிருந்து, அதன்படி கடைசி நாள் மே 30. இன்சூரன்ஸ் போகும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கவும் செய்யலாம். மார்ச் 31-க்குள் திட்டத்தைத் தேர்ந்தால் ஏப்ரல் 1 முதல் காப்பு. இரண்டு நாள் தள்ளி ஏப்ரல் 2-இல் தேர்ந்தால் மத்திய அரசின் மார்க்கெட்பிளேஸான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் மே 1-இல்தான் தொடங்கும். ஏப்ரல் முழுக்க ஓட்டை. தேர்ந்தபின் 30 நாளுக்குள் பழைய இன்சூரன்ஸ் முடிந்ததற்கான கடிதம் போக வேண்டும். முதல் பிரீமியத்தை நிறுவனம் சொல்லும் கெடுவுக்குள் கட்ட வேண்டும். தாமாக வேலையை விட்டவருக்கும் இந்த உரிமை உண்டு. பிரீமியம் கட்டாமல் பாலிசியைத் தவறவிட்டவருக்கு இல்லை.

அந்த ஏப்ரல் ஓட்டையை அடைக்க உதவுவது கோப்ரா (COBRA) என்ற மத்தியச் சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால், பழைய திட்டத்தையே பொதுவாக 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி கட்டிவந்த பங்கும் இப்போது நம் தலையில். மொத்தம் 102 சதவீதம் வரை கேட்பார்கள். விலையைப் பார்த்ததும் பலரும் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். போடாதீர்கள். சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள், சேர்ந்தபின் முதல் தவணைக்கு இன்னும் 45 நாள். சேர்ந்தால் இன்சூரன்ஸ் போன நாளிலிருந்தே செல்லும். ஏப்ரல் 20-இல் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அப்போது கையெழுத்திட்டு, விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஒன்றும் நேரவில்லையா, பணம் மிச்சம். மருந்துக்கடையில் மட்டும் முதலில் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்ய வேண்டிவரும்.

நாள்பட்ட நோய் உள்ளவருக்கு கோப்ராவில் இன்னொரு லாபம். அக்டோபரில் வேலை போகிறது, அந்த ஆண்டின் டிடக்டிபிளை (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையை) ஏற்கெனவே கட்டி முடித்தாகிவிட்டது என்று வையுங்கள். புதுத் திட்டத்துக்குப் போனால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். டிசம்பர் வரை கோப்ரா, ஜனவரியில் மார்க்கெட்பிளேஸ் என்பது பலருக்கு மலிவாக முடியும். ஆனால் திறந்த சேர்க்கையில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் கோப்ராவை விட வேண்டும். நடுவில் தானாக விட்டால் கதவு பூட்டியே இருக்கும்.

கணவன் அல்லது மனைவியின் அலுவலகத் திட்டம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். அங்கும் பழைய நோயைச் சொல்லி ஒதுக்க முடியாது. ஆனால் அந்தக் கெடு பொதுவாக 30 நாள்தான். 60 என்று எண்ணிக்கொண்டிருந்து ஏமாந்தவர்கள் உண்டு. வருமானம் அடியோடு நின்றுபோனால், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டைப் பாருங்கள் (தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்); அதற்குச் சேர்க்கைக் காலமே கிடையாது, ஆண்டு முழுக்க விண்ணப்பிக்கலாம்.

இணையத்தில் தேடினால் மலிவு விலையில் மேலே மிதப்பவை குறுகிய காலத் திட்டங்கள். இவை மேற்சொன்ன சட்டத்துக்கு வெளியே இருப்பவை. நோயைக் கேட்கும், மறுக்கும். சேர்த்துக்கொண்டாலும், பெரிய பில் வந்தபின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டி ‘இது முன்பே இருந்தது’ என்று கையை விரிக்கும். அது முடிந்துபோனதைக் காரணம் காட்டி மார்க்கெட்பிளேஸில் நுழையவும் முடியாது. மத அமைப்புகள் நடத்தும் செலவுப் பகிர்வுத் திட்டங்கள் இன்சூரன்ஸே அல்ல. பணம் தர வேண்டிய சட்டக் கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

சரியான திட்டத்திலும் நோயாளியைத் தள்ளிவைக்க நிறுவனத்துக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது: மருந்துப் பட்டியல். விலை உயர்ந்த மருந்தை, நோயாளியே அதிகப் பங்கு கட்ட வேண்டிய கடைசி அடுக்கில் வைத்தால், அது தேவைப்படுபவர் தாமாகவே வேறு திட்டம் பார்த்துக்கொள்வார். எச்ஐவி மருந்துகள் விஷயத்தில் இதைச் செய்ததாக ஃப்ளோரிடாவில் திட்டங்கள் விற்ற நான்கு நிறுவனங்கள் மீது 2014-இல் மத்திய அரசிடம் புகாரே போனது. அதனால் பிரீமியத்தைப் பார்க்கும் முன் உங்கள் மருந்தின் பெயரையும் அளவையும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் தேடுங்கள். எந்த அடுக்கு, முன் அனுமதி வேண்டுமா, மலிவான வேறொன்றை முதலில் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்யும்போது கம்பெனிப் பெயர் போதாது, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு திட்டங்களுக்கு வேறு வேறு நெட்வொர்க் (திட்டம் ஏற்கும் டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளின் பட்டியல்) இருக்கலாம்.

பழைய இன்சூரன்ஸ் தந்த முன் அனுமதி புதியதில் செல்லுபடியாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். பழையது உயிரோடு இருக்கும்போதே 90 நாள் மருந்து வாங்கி வைத்துக்கொண்டு, புதியது தொடங்கும் முதல் நாளே புது அனுமதிக்கு எழுதச் சொல்லுங்கள்.