“ஆவிதானே” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு

கச்சான் காற்று வீசத் தொடங்கி, மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்து வயல் வட்டைகளிலும் சிறுபோக வேளாண்மை வெட்டு மும்முரமாகும் காலத்தில், முகமும் கழுத்தும் நெஞ்சும் வெந்த நிலையில் உழவு இயந்திரச் சாரதிகளும் வெட்டு மெசின் ஓட்டுபவர்களும் சத்திரசிகிச்சை விடுதிக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. கடைசியாக வந்த இளைஞர், இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் நிற்கும் றேடியேற்றர் கொதித்துக்கொண்டிருந்தபோது அதன் மூடியை ஈரச்சாக்கால் பொத்திப் பிடித்துத் திருகியிருக்கிறார். அவரைக் கூட்டிவந்த மாமனார், “தண்ணி ஒண்டும் படல்ல டொக்டர், வெறும் ஆவிதான் அடிச்சது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சளிக்குக் கொதிநீர் ஆவியில் வேது பிடிக்கும்போது வெந்துபோன பிள்ளைகளைத் தூக்கிவரும் தாய்மாரும், நெல் அவிக்கும் இடத்திலிருந்து வருபவர்களும் ஏறத்தாழ இதே வசனத்தையே சொல்லுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஆவி என்றால் சூடான காற்று, காற்று என்றால் இலேசானது, ஆகவே வெந்நீரைவிட அதனால் வரும் தீங்கு குறைவு என்று நம்மவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு முற்றிலும் பிழையானது. அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, அதனுள் ஒரு வெப்பமானியை இட்டுப் பார்த்தால், 100 செல்சியஸ் பாகை வரைக்கும் அது ஏறிக்கொண்டே போகும். அதன்பிறகு எவ்வளவுதான் விறகைத் தள்ளினாலும், கடைசிச் சொட்டு வற்றும்வரை அந்த இடத்திலேயே நிற்கும். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, வெப்பமும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன வெப்பம் எங்கே? தண்ணீரின் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஆவியாக்குவதிலேயே அது முழுவதும் செலவாகிறது. ஸ்கொட்லாந்தின் விஞ்ஞானி ஜோசப் பிளாக் 1760களில் அளந்து காட்டிய இந்த மறைவெப்பத்தை உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் அனைவரும் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருப்பார்கள். அவர்களிலும் பலர் குசினிக்குள் போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். உறைநிலையில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம், கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது.

இப்படி ஆவிக்குள் போன வெப்பம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஆவி தன்னைவிடக் குளிர்ந்த எதையாவது தொட்டதும் மீண்டும் நீராகிறது. நீராகும் அந்தக் கணத்தில், வாங்கியதை எல்லாம் தொட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. 100 பாகையில் உள்ள ஒரு கிராம் வெந்நீர் தோலில் பட்டு அந்த அளவுக்கு ஆறினால் 270 யூல் அளவு வெப்பத்தை விட்டுச்செல்லும். அதே 100 பாகையில் உள்ள ஒரு கிராம் ஆவியோ நீராகும்போது முதலில் 2,260 யூலைத் தோலில் இறக்கிவிட்டு, பின்னர் வெந்நீராக அந்த 270 யூலையும் கொடுக்கும். இரண்டையும் கூட்டினால் வெந்நீரைப்போல ஒன்பது மடங்கு ஆகிறது. பிட்டுக்குழலில் உள்ள மா தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஆனாலும் சில நிமிடங்களில் உள்வரை வெந்துவிடுகிறது. மாவை வேகவைக்கும் ஒன்று தோலை மட்டும் விட்டுவைக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்லுகிறோமோ தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் வெண்புகையை ஆவி என்று நினைப்பதும் இதனோடு ஒட்டிய தவறு. உண்மையான கொதிநீராவிக்கு நிறம் கிடையாது. கேத்தலின் மூக்கை உற்றுப் பாருங்கள்: வாயை ஒட்டினாற்போல் ஒன்றுமே இல்லாத சிறு இடைவெளி ஒன்று தெரியும், அதற்கு அப்பால்தான் வெண்மை தொடங்கும். வெண்மையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். ஒன்றும் இல்லை என்று விரலை நீட்டும் அந்த இடைவெளியில்தான் ஆவி தன் முழு வெப்பத்தோடும் இருக்கிறது.

றேடியேற்றரின் கதை இன்னும் மோசமானது. அதன் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதற்காகவே செய்யப்பட்டது. வளிமண்டல அழுத்தத்தைப்போல இரு மடங்கு அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்ந்துவிடுவதால், உள்ளே இருக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விழுகிறது. அழுத்தத்தோடு கொதிநிலையும் 100 பாகைக்கு இறங்குகிறது. மிஞ்சி நிற்கும் வெப்பம் தண்ணீரின் ஒரு பகுதியை அந்த நொடியிலேயே ஆவியாக்குகிறது. 120 பாகையில் இருக்கும் 10 லீற்றர் தண்ணீரில் ஆவியாவது ஏறத்தாழ 350 கிராம் மட்டுமே. ஆனால் அந்த 350 கிராம் ஆவிக்கு ஏறத்தாழ 600 லீற்றர் இடம் வேண்டும். அவ்வளவும் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும் அந்தச் சிறிய வாயினூடாக, மிச்சத் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. நீங்கள் நம்பிப் பிடித்த ஈரச்சாக்கு அதில் ஊறி, வெப்பத்தைக் கையோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே சாரதிமாரே, மூடியைத் தொடாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி ஆகக் குறைந்தது அரை மணித்தியாலம் விலகி நில்லுங்கள். அதன்பிறகும் மேற்குழாயைத் தடித்த துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று பொருள். வெட்டு நடக்கும் நாட்களில் றேடியேற்றரின் முன்வலையில் வைக்கோல் தூசும் பதரும் அப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலும் சூடேறுகிறது. காலையிலும் மதியத்திலும் அதைத் தட்டிச் சுத்தம் செய்தால் மூடியைத் திறக்கும் தேவையே பல வேளைகளில் வராது.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். சளிக்கு வேது பிடிப்பதால் பிள்ளைக்குக் குணம் கிடைக்கும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. கொதிக்கும் பானையையும் பிள்ளையையும் ஒரே போர்வைக்குள் அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு விடுதியில் வேண்டிய அளவு சான்று இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெந்துவிட்டால், அந்த இடத்தில் 20 நிமிடங்கள் ஓடும் குளிர்நீரை விடுங்கள். வட்டைக்குள் குழாய் இல்லை என்றால் குடிப்பதற்குக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றுங்கள். மூன்று மணித்தியாலங்களுக்குள் செய்தாலும் பயன் உண்டு. சிறு பிள்ளையாக இருந்தால், வெந்த இடத்தைத் தவிர மற்ற உடலைப் போர்த்தி வையுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் வீங்குவதற்கு முன்னரே கழற்றுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள் எதையும் பூச வேண்டாம். காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்கு அவற்றை நாங்கள் வழித்தெடுக்க வேண்டியிருக்கிறது, அந்த வேதனையை அனுபவிப்பவரும் உங்கள் பிள்ளைதான். நோவு இல்லை என்று நோயாளி சொன்னால் உறவினர்கள் நிம்மதி அடைகிறார்கள், எங்களுக்கோ கவலை கூடுகிறது. நரம்பு நுனிகள் கருகும் அளவுக்கு ஆழமாக வெந்த இடத்தில் நோவு தெரியாது.

முகத்தில் ஆவி அடித்தவரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. வறண்ட சூடான காற்றை மூச்சில் இழுத்தால் அது தொண்டைக்கு மேலேயே பெரும்பாலும் ஆறிவிடும். ஆவி தன் வெப்பத்தைச் சுவாசக்குழாயின் உட்பகுதிவரை கொண்டுசெல்லக்கூடியது. வீக்கம் சில மணித்தியாலங்கள் கழித்தே கூடும் என்பதால், வந்தபோது நன்றாகப் பேசியவருக்கு இரவில் மூச்சடைக்கலாம். குரல் கரகரத்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

மெசின் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏக்கர்க் கணக்கில் கூலி பேசி, அடுத்த வட்டைக்காரர் காத்து நிற்கிறார் என்று அலைபேசியில் அவசரப்படுத்தும்போதுதான் அந்தப் பெடியன்கள் கொதிக்கும் மூடியில் கை வைக்கிறார்கள். இயந்திரம் ஆறுவதற்கு நிற்கும் அரை மணித்தியாலத்துக்குக் கூலியில் கை வைக்கமாட்டேன் என்று வெட்டுத் தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.